அக்கா வீட்டுச் சீனி

அந்த அக்கா வீட்டுத் தேத்தண்ணியைக் குடிச்சா உதடு ரெண்டும் ஒட்டிக்கும். சும்மா பேச்சுக்குச் சொல்லல. கரண்ட் மீட்டர் பார்க்க வர்ற சிங்களப் பையன் ஒருத்தன், முதல் தடவை அங்க குடிச்சிட்டு நேரா என் கடைக்கு வந்து ஒரு போத்தல் தண்ணி வாங்கி வாய் கொப்புளிச்சான். "அது தேத்தண்ணி இல்ல, கித்துள் பாணி, வெறும் பாகு"ன்னு அவன் பாஷையில சொல்லிச் சிரிச்சான். அடுத்த மாசம் பார்த்தா, மீட்டரைப் பார்த்து முடிச்ச பிறகும் அந்த வீட்டு வாசல்லயே நின்னுக்கிட்டிருக்கான். என்ன தம்பின்னு கேட்டேன். தேத்தண்ணி வருதாம்.

மாத்தளை டவுன்ல அம்மன் கோயிலுக்குப் பின்னால இறங்குற சந்து எங்களுது. சந்து முனையில என் கடை. கடைக்குள்ள இருந்து எட்டிப் பார்த்தா அக்கா வீட்டு வாசல் தெரியும். அவங்க பேரை எழுதப் போறதில்ல. சந்துல சின்னவங்க பெரியவங்க எல்லாருக்கும் அவங்க வெறும் அக்காதான், அதுவே போதும். ஒரு வீட்டு அடுப்படியில என்ன நடக்குதுன்னு அந்த வீட்டு ஆம்பளைக்குத் தெரியாம இருக்கலாம், கடைக்காரிக்குத் தெரியாம இருக்காது. புருஷன் போன பிறகு அக்காவும் அவங்க மகனும் மட்டும்தான். அந்த மகனும் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில வேலை, வாரத்துக்கு ஒருக்கா வருவான். ஆனா சீனி மட்டும் கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி போகும்.

"என்னக்கா, சீனியில குளிக்கிறீங்களா?"

"உனக்கென்ன வந்துச்சு? வியாபாரம்தானே. நிறுத்துக் குடு புள்ள."

அவங்க சட்டம் ஒன்னே ஒன்னு. அவங்க வாசப்படி மிதிச்ச யாரும் இனிப்பில்லாத வாயோட திரும்பிப் போகக் கூடாது. தபால்காரர், தேங்காய் பறிக்க வந்தவர், ஓட்டுக் கேட்டு வந்தவர், யாரா இருந்தாலும் சரி. பக்கத்து வீட்டு ராத்தா ஒருத்தர் இருக்காங்க, பரம்பரையா மாத்தளையிலயே இருக்கிற முஸ்லிம் குடும்பம். அக்காவோட முருங்கைக் கிளை அவங்க கூரையில முறிஞ்சு விழுந்துச்சுன்னு ஒரு நாள் முந்தானையை இழுத்து மூடிக்கிட்டு சண்டைக்குப் போனாங்க. கொஞ்ச நேரத்துல கையில கோப்பையோட வெளிய வந்தாங்க. "சண்டை பிடிக்கப் போன என்ட வாயை அடைச்சிட்டா பாருங்க"ன்னு என்கிட்ட முறைப்பாடு வேற.

மாசித் தேருக்கு எங்க சந்து ஆளுங்க எல்லாம் சேர்ந்து எலுமிச்சம் தண்ணி கரைச்சு வைப்போம். யார் என்ன கொண்டு வர்றதுன்னு பேசுறப்ப, சீனி என் பொறுப்புன்னு அக்கா முந்திக்குவாங்க. அவங்க கரைச்சா அண்டாவுல தண்ணியை விட சீனி கூட இருக்கும். வெயில்ல காவடி தூக்கிட்டு வந்த ஒரு மனுஷன் ஒரு மடக்கு குடிச்சிட்டு, "தாயே, வெறும் தண்ணி கொஞ்சம் கிடைக்குமா?"ன்னு கெஞ்சினார். அக்கா முகம் சுருங்கிப் போச்சு. அவர் போன பிறகு என்கிட்ட பொரிஞ்சு தள்ளினாங்க. "வெறும் தண்ணி குழாயிலயும்தான் வருது. அம்மன் பேரைச் சொல்லிக் குடுக்கிறதுல கஞ்சத்தனம் பண்றதா?"

சாமான் வாங்க மட்டும் இல்ல, சாமானைப் பார்க்கவும் என் கடைக்கு வருவாங்க. ஒரு தடவை ஆப்பிள் பெட்டியை உடைச்சு அடுக்கிக்கிட்டிருந்தேன். ஒன்னை எடுத்து மோந்து பார்த்தாங்க. அவங்க பொறந்தது எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, கூலிக்காரங்க வரிசை வீட்டுல. அங்க பெரிய கிளாக்கரய்யா வீட்டுக்கு மட்டும் எப்பவாவது கொழும்புல இருந்து ஆப்பிள் வருமாம். அதைச் சுத்தி வந்த மெல்லிசுக் கடதாசியைக் குப்பையில இருந்து பொறுக்கி, லயத்துப் புள்ளைங்க வரிசையா நின்னு மோந்து பார்ப்பாங்களாம். "பழத்தை இல்ல புள்ள, கடதாசியை!"ன்னு சொல்லிட்டு அக்கா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

"கோழின்னா தீவாளிக்கு. முட்டைன்னா புள்ளைத்தாச்சிக்கு. பாணுல பட்டர் பூசித் தின்னா அவன் தொரை. இப்ப பாரு, மூட்டை தூக்குறவன் சாயந்தரம் கோழிக்கறியைத் தொங்கவிட்டுக்கிட்டுப் போறான். நல்லா தின்னட்டும். வயிறு நிறையத் தின்னட்டும். பணக்காரன் தின்னதெல்லாம் நம்ம சந்துக்கு இறங்கி வந்திருச்சு. இதுக்கு மேல சாமிகிட்ட என்னத்தைக் கேக்கிறது?"

அந்தக் காலம் மாதிரி வருமான்னு பெருமூச்சு விடுற ஆளுங்களைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அக்கா அப்படி ஒரு நாளும் பேசினதில்ல. அதனாலயே அவங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எல்லாத்துக்கும் மேல அவங்களுக்கு சீனிதான். சின்ன வயசுல, கூப்பனுக்கு சாமான் குடுத்த காலத்துல, பால் இல்லாத சாயத்தண்ணியில சீனி போட மாட்டாங்க. உள்ளங்கையில ஒரு சிட்டிகை வைப்பாங்க. அதை நாக்கால தொட்டுத் தொட்டுக் கோப்பையை முடிக்கணும். சீக்கிரம் தீர்ந்துடுமேன்னு அக்கா நக்காம பொத்தி வச்சிருப்பாங்களாம். வேர்வையில எல்லாம் கரைஞ்சு போயிடும். அப்புறம் கையை நக்கினா உப்பும் இனிப்புமா இருக்குமாம். தனக்குன்னு ஒரு வீடு வந்த அன்னைக்கே, தன் வீட்டுல யாரும் கையை நக்கக் கூடாதுன்னு முடிவு எடுத்ததா என்கிட்ட சொல்லியிருக்காங்க.

அந்த அக்கா மகனுக்குத்தான் சீனி வருத்தம் வந்துச்சு.

நல்ல பையன். பையன்னு சொல்றேன், நாப்பதை எட்டிப் பிடிக்கிற வயசு. கல்யாணம் ரெண்டு மூணு இடத்துல பேசி சரிவரல. என்னை சித்தின்னு கூப்பிடுவான். தம்புள்ளையில இருந்து வர்றப்ப, லொறியில மிஞ்சின கரட்டோ போஞ்சியோ எனக்கும் ஒரு பை கொண்டு வந்து வைப்பான். ஆளு மெலிஞ்சுக்கிட்டே வர்றானேன்னு பார்த்தேன். தாகம் தாகம்னு தண்ணியா குடிச்சான். கிளினிக்ல ரத்தம் பார்த்து, சர்க்கரை வியாதின்னு சொல்லிட்டாங்க.

அக்கா அந்தச் செய்தியை சந்துக்குச் சொன்ன விதம் இருக்கே! பயம் பாதி, பெருமை பாதி. "லேசுப்பட்ட வருத்தம் இல்ல புள்ள. எங்க தோட்டத்துலயே பெரிய கிளாக்கரய்யா ஒருத்தருக்குத்தான் இருந்துச்சு. பணக்கார வருத்தம். நம்ம வீட்டுக்கு வந்திருக்கு பாரு." எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "வீட்டுக்குக் கார் வந்த மாதிரி சொல்றீங்களே, உங்களுக்கு மூளை இருக்கா?"ன்னு கேட்டுட்டேன். அப்பவும் அவங்க முகத்துல அந்தப் பெருமை முழுசா இறங்கல.

கிளினிக்ல குரக்கன், அதான் கேப்பை, அதுல சுட்ட ரொட்டி, சிவப்பரிசி, கீரை சாப்பிடச் சொல்லி அனுப்பினாங்க. அக்கா வாயில அடிச்சுக்கிட்டாங்க. "பஞ்சத்துல வேற வழியில்லாம நாங்க தின்னதை எல்லாம் மருந்துன்னு சொல்லி விட்டிருக்காங்களே. என் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?" இப்ப குரக்கன் மாதான் விலை, சீனி இல்ல, கொழும்புல இருந்து கார்ல வர்றவங்க தேடி வாங்குறாங்க, சீனி போடாத சாயத்தண்ணியை இப்ப பணக்காரங்கதான் குடிக்கிறாங்கன்னு நான் எடுத்துச் சொன்னேன். "போடி பைத்தியக்காரி"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க.

அது கேஸுக்கும் பால்மாவுக்கும் நாடே வரிசையில நின்ன வருஷம். சீனியும் ஒழுங்கா வரல. வந்தாலும் கை வைக்க முடியாத விலை. அந்த நேரத்துல ஒரு நாள் அக்கா கடைக்கு வந்து அரிசி மூட்டை மேல பொத்துன்னு உட்கார்ந்தாங்க. கண்ணு ரெண்டும் நிறைஞ்சிருந்துச்சு.

"சீனி போடாதீங்கம்மா, எனக்கு ஒத்துக்காதுன்னு சொல்றான் புள்ள. பொய் சொல்றான்."

"டொக்டரே சொல்லியிருக்காரேக்கா!"

"டொக்டர் ஆயிரம் சொல்லட்டும். இவன் சொல்றது பொய். எனக்கு இந்தப் பொய்யைத் தெரியும்."

அப்பதான் அவங்க அப்பா கதையைச் சொன்னாங்க. அதுக்கு முன்னால சொன்னதில்ல. விறகுக் கட்டோட பெரிய கிளாக்கரய்யா வீட்டுக்கு அப்பா போறப்ப இவங்களும் கூடப் போயிருக்காங்க. ஏழெட்டு வயசு இருக்கும். இஸ்தோப்புல, வெளித் திண்ணையில, அய்யாவோட சொந்தக்காரர் ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். அவருக்குப் பீங்கான் கோப்பையில தேத்தண்ணி வருது, கரண்டி போட்டுக் கலக்குற சத்தம் கேக்குது. கீழ படியில நின்ன அப்பாவுக்குத் தகரக் குவளையில சாயத்தண்ணி. உள்ள இருந்து அய்யா வீட்டம்மா, வெளிய வராமலே, "அவனுக்கு சீனி வேணுமாமா?"ன்னு கேட்டாங்களாம். யாரும் பதில் சொல்றதுக்கு முன்னால அப்பா முந்திக்கிட்டு, "வேணாங்கம்மா, நமக்கு சீனி ஒத்துக்காதுங்க"ன்னு சிரிச்சாராம்.

"திரும்பி வர்றப்ப கேட்டேன், ஏம்பா உனக்கு ஒத்துக்காதான்னு. ஒத்துக்காதுன்னு சொல்லிட்டா குடுக்கிறவங்களுக்கும் கஷ்டம் இல்ல, நமக்கும் கஷ்டம் இல்ல பாருன்னார். வீட்டுல சீனி சுத்தி வந்த கடதாசியை நக்குற மனுஷன் புள்ள அவர். அதே வார்த்தைதான் இவன் வாயில வருது. சாமான் விலை ஏறிப் போச்சு, அம்மாவுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு நினைக்கிறான். பெத்தவளுக்குத் தெரியாதா?"

எனக்கு அழுகை வந்துச்சு. கூடவே ஆத்திரமும் வந்துச்சு. "உங்கப்பாவுக்கு இல்லாததால ஒத்துக்கல. உங்க மகனுக்கு உடம்புல கூடிப் போனதால ஒத்துக்கல. ரெண்டும் ஒன்னாக்கா?"ன்னு கேட்டேன். தலையை ஆட்டிக்கிட்டே எழுந்து போயிட்டாங்க. நம்பலன்னு அந்த நடையிலயே தெரிஞ்சுச்சு.

அதுக்குப் பிறகு களவாப் போட ஆரம்பிச்சாங்க. கஞ்சியில கொஞ்சம், தேத்தண்ணியில கொஞ்சம். கேட்டா, "அரைக் கரண்டிதான், நாக்கு நனையிற அளவுக்கு"ம்பாங்க. நான் சண்டை போட்டு, இனி உங்களுக்கு சீனி நிறுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். உடனே டவுனுக்குப் போய் வேற கடையில வாங்க ஆரம்பிச்சிட்டாங்க. பையில மேலாக கீரைக் கட்டு தெரியும். ஆனா ஒரு தோள் கீழ சாய்ஞ்சிருக்கும். கீரைக்கு அவ்வளவு பாரமா? கடையைத் தாண்டுறப்ப என் பக்கம் திரும்பாம, மாமியாருக்குப் பயந்த மருமக மாதிரி ஓடுவாங்க.

மகனுக்கு இது தெரியாதா? தெரியும். "இனிப்பு தெரியாம இருக்குமா சித்தி? குடிக்கிறப்ப என் முகத்தையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. எப்படி வேணாம்னு சொல்றது?"ன்னான். தப்பு முழுக்க அக்கா தலையில இல்ல. லொறி இறக்குறப்ப தூக்கம் வராம இருக்க அவன் தம்புள்ளையில சோடாப் போத்தலாக் குடிச்சதும் உண்டு. மருந்தை நேரத்துக்குப் போடாததும் உண்டு. ஆனா அக்கா கணக்கு வேற மாதிரி இருந்துச்சுன்னு பிறகுதான் தெரிஞ்சுச்சு.

மரக்கறிப் பெட்டி ஆணி ஒன்னு செருப்பைத் துளைச்சுக்கிட்டு அவன் பாதத்துல ஏறியிருக்கு. அவனுக்கு வலிக்கவே இல்ல. இந்த வருத்தக்காரங்களுக்குக் கால் மரத்துப் போகுமாம். வீங்கி, கறுத்து, நாத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க.

நானும் என் வீட்டுக்காரரும்தான் அக்காவைக் கூட்டிட்டுப் போனோம். அவருக்கு த்ரீவீல் இருக்கு. அவன் மயக்கத்துல படுத்திருந்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையா கிடந்துச்சு. அக்கா அந்தத் தட்டையான இடத்தைக் கையால மெதுவா தடவிப் பார்த்தாங்க. கால் எங்கயாவது மடங்கிக் கிடக்குதான்னு தேடுற மாதிரி இருந்துச்சு. அழவே இல்ல.

மறுநாள் காலையில கடை திறக்கிறப்ப சீனி டின்னோட வந்து நின்னாங்க. மேசையில வச்சாங்க.

"டொக்டர் வெட்டல புள்ள. நான்தான் வெட்டினேன். கரண்டியால வெட்டினேன்."

"ஐயோ அக்கா, அப்படிச் சொல்லாதீங்க."

"இனி என் வீட்டுக்குள்ள இது வராது."

சொன்னபடியே செஞ்சாங்க. அதுக்குப் பிறகு அந்த வீட்டுல யாருக்கும் சீனி இல்ல. தபால்காரருக்கும் இல்ல, எனக்கும் இல்ல. கசக்கக் கசக்க சாயத்தண்ணியைக் குடுத்துட்டு, கண்ணைப் பார்க்காம அடுப்படிக்குப் போயிடுவாங்க. பெருநாளுக்கு ராத்தா அனுப்பின வட்டிலப்பம் இனிப்பை வாசல்லயே திருப்பி விட்டுட்டாங்க. ராத்தா அழுதுட்டாங்க. "கோவமா என்னோட?"ன்னு வந்து கேட்டதுக்கு, "கோவம் இல்லம்மா, பயம்"னு அக்கா சொன்னாங்களாம். வாழைப்பழம் வாங்க மாட்டாங்க. பப்பாளி மரத்தை வெட்டிப் போட்டாங்க. மகன் குளிக்கப் போனா அவன் சட்டைப் பையைத் துழாவிப் பார்ப்பாங்க. முன்னால எவ்வளவு பிடிவாதமா குடுத்தாங்களோ அவ்வளவு பிடிவாதமா காவல் காத்தாங்க. அவங்களுக்கு நடுவுல நிக்கத் தெரியாது.

அவனுக்கு இப்ப ஊசி. காலையிலயும் சாயந்தரமும் தானே வயித்துல குத்திக்குவான். ரெண்டு கட்டையை ஊண்டிக்கிட்டு என் கடைக்கு வந்து ஒரு நாள் டொபி கேட்டான். நான் முறைச்சேன்.

"இல்ல சித்தி, கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க. ஊசி போட்டா நேரத்துக்குச் சாப்பிடணுமாம். தப்பிப் போச்சுன்னா சீனி ஒரேயடியா இறங்கிடுமாம். வேர்க்கும், கை நடுங்கும். அப்ப உடனே இனிப்பு ஏதாவது வாயில போடணுமாம். இல்லாட்டி ஆளே போயிடுவானாம்."

குடுத்தேன். அன்னைக்குச் சாயந்தரமே அந்த டொபியை அக்கா சாக்கடைக் கானுக்குள்ள எறியிறதைப் பார்த்தேன். ஓடிப் போய், மிஸ்ஸி சொன்னதை அப்படியே சொன்னேன். மகனும் முன்னாலயே சொல்லியிருக்கான். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க.

"சீனியால கால் போனவனுக்கு சீனியே மருந்தா? கேக்கிறவ கேணச்சின்னு நினைச்சியா? ஆசைக்கு மருந்துன்னு பேர் வச்சிருக்கான், நீயும் கூட சேர்ந்துக்கிட்டியா?"

அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் போய் மிஸ்ஸிகிட்டயே கேளுங்கன்னேன். சரின்னாங்க. அந்தக் கிளினிக் நாள் வரவே இல்ல.

அன்னைக்குக் காலையில நல்ல மழை. அவன் ஊசியைப் போட்டுட்டு ரொட்டிக்குக் காத்திருந்திருக்கான். கேஸ் பாதியில தீர்ந்து போச்சு. அக்கா பின்பக்கம் கல்லு வச்சு ஈர விறகை ஊதிக்கிட்டிருந்திருக்காங்க. அவன் கூப்பிட்டிருக்கான். போய்ப் பார்த்தா உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது. "அம்மா, சீனி குடுங்க"ன்னு கேட்டிருக்கான். இவங்க இல்லன்னு சொல்லியிருக்காங்க. கெஞ்சியிருக்கான். கையைப் பிடிச்சு இழுத்திருக்கான். ஒரு நாளும் தாயை எதிர்த்துப் பேசாதவன், வாயில வராத வார்த்தை எல்லாம் சொல்லித் திட்டியிருக்கான். குடிகாரன் சாராயத்துக்குத் திட்டுற மாதிரி திட்டினான், ஆசை அந்த அளவுக்கு ஆளைப் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்னு பிறகு அக்கா சொன்னாங்க. அவன் ரெண்டு கையையும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "செத்தாலும் குடுக்க மாட்டேன்டா"ன்னு சொல்லியிருக்காங்க. கொஞ்ச நேரத்துல அவன் அடங்கிட்டான். பேச்சு நின்னு போச்சு. அடம் முடிஞ்சு தூங்கிட்டான்னு போர்வையைப் போத்தி விட்டுட்டு, ரொட்டி சுடப் போயிட்டாங்க.

ரொட்டியோட வந்து எழுப்பினா எழும்பல. அக்கா போட்ட சத்தம் மழைக்கு மேல எனக்குக் கேட்டுச்சு. நான் டொபி போத்தலையும் சீனியையும் அள்ளிக்கிட்டு ஓடினேன். பல்லு கிட்டிப் போயிருந்துச்சு. விரலால சீனியை அவன் ஈறுல தேய்ச்சேன். அக்கா என் கையைப் பிடிச்சுத் தள்ளினாங்க, "என்னடி பண்ற, என்னடி பண்ற"ன்னு. என் வீட்டுக்காரர் அவனைத் தூக்கி த்ரீவீல்ல போட்டார்.

பொழுது சாயறதுக்குள்ள அவன் போயிட்டான்.

டொக்டர் வெளிய வந்து என்கிட்டதான் பேசினார், சிங்களத்துல. நல்ல மனுஷன், வயசுல சின்னவர். சீனி அடியோட இறங்கிப் போச்சாம். மூளைக்குத் தாங்க முடியலயாம். வீட்டுலயே ஒரு கோப்பை சீனித் தண்ணி குடுத்திருந்தா எழும்பி உட்கார்ந்திருப்பார், யாரும் சொல்லித் தரலயான்னு ஆதங்கமா கேட்டார்.

அக்காவுக்கு சிங்களம் சந்தையில பேரம் பேசுற அளவுக்குத்தான் வரும். ஆனா சீனிக்கு சிங்களத்துலயும் சீனிதானே. பெஞ்சுல இருந்து எழுந்து வந்து என் தோளைப் பிடிச்சாங்க.

"சீனின்னாரே. என்ன சொன்னார்? கூடிப் போச்சுன்னாரா? நான் குடுக்கவே இல்லையே புள்ள!"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னார்.

"சீனி வருத்தம் இருந்துச்சான்னு கேட்டார்க்கா. இது ஹார்ட். ஹார்ட் நின்னு போச்சாம். யாராலயும் ஒன்னும் செஞ்சிருக்க முடியாதாம்."

பொய்தான். முகத்தைப் பார்த்துச் சொன்னேன். இன்னொரு தடவை அந்த இடத்துல நிறுத்தினாலும் இதையேதான் சொல்லுவேன். யாருக்கும் நான் இதுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்ல. கரண்டியால கால் வெட்டினேன்னு சொன்ன பொம்பளைகிட்ட, இதையும் நீதான் செஞ்சேன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல, அவ்வளவுதான்.

ஆனா அந்தப் பொய்யைக் காப்பாத்துறது லேசா இருக்கல. சாவு வீட்டுக்கு வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் அக்கா அந்தக் காலையைச் சொன்னாங்க. கருமாதி வரைக்கும் சொன்னாங்க. எப்படிக் கேட்டான், எப்படிக் கெஞ்சினான், எப்படித் திட்டினான், தான் எப்படி மனசைக் கல்லாக்கிக்கிட்டுக் குடுக்காம இருந்தேன்னு. "வாழ்க்கையில அந்த ஒரு நாளாவது அவனுக்கு நல்லது செஞ்சேன்"னு முடிப்பாங்க. முடிச்சிட்டு என்னைத் தேடிப் பார்ப்பாங்க. "ஆமாக்கா"ன்னு நான் சொல்லணும். சொல்லுவேன். சொல்லிட்டுக் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கி வச்சுக்கிட்டு அழுவேன்.

பிறகு அக்காவோட தங்கச்சி மகள் ஒருத்தி வந்து அவங்களை வில்கமுவ பக்கம் கூட்டிட்டுப் போயிட்டா. பஸ்ஸை நம்பிப் போக முடியாத இடம். உடம்புக்கு ரொம்ப முடியலன்னு கேள்விப்பட்டு நாங்க த்ரீவீல்லயே போனோம். வழியெல்லாம் வயல், டிராக்டர், புழுதி. அக்கா ஒரு சின்ன அறையில சுருண்டு கிடந்தாங்க. என்னைப் பார்த்ததும் எழும்பப் பார்த்தாங்க, முடியல. நான் கட்டில் ஓரத்துல உட்கார்ந்தேன். என் கையை எடுத்துத் தன் நெஞ்சு மேல வச்சுக்கிட்டாங்க. அதுதான் நான் அவங்களை உயிரோட பார்த்த கடைசித் தடவை.

"அன்னைக்கு டொக்டர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லு புள்ள."

"ஹார்ட்டுதான்க்கா."

"சீனி கூடவும் இல்ல?"

"இல்லக்கா."

"குறையவும் இல்ல?"

எத்தனையோ தடவை அந்தக் காலையைச் சொல்லியிருக்காங்க. இதை மட்டும் அவங்க கேட்டதே இல்ல.

"இல்லக்கா."

"அப்படிக் கெஞ்சினான். நான் குடுக்கல. சரியாத்தானே செஞ்சேன்?"

"சரியாத்தான் செஞ்சீங்க."

ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம், "நீ நல்லா இருக்கணும் புள்ள"ன்னு சொல்லிட்டு, என் கையை விட்டுட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.